எந்தக் கல்லூரி என்று கேட்ட மகனுக்கு

சவரி,

லால்குடியில் எல்லோரும் சுகம் என்று உன் அக்கா ஞானம் நேற்றே கார்டு போட்டுவிட்டாள். நீ யாரிடமும் பேசுவதில்லை, மாடியிலேயே உட்கார்ந்து கிடக்கிறாய் என்று கோளும் சொல்லியிருக்கிறாள். ஆகவே சுகம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் கடிதத்தைப் பார்த்தேன். "இரண்டு கல்லூரியிலும் இடம் இருப்பதாக அப்பா எழுதியிருந்தார்கள். நீங்கள் எதில் சேரச் சொல்கிறீர்களோ அதில் சேர்ந்துகொள்கிறேன், அம்மா" என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். வேறொரு தாயாக இருந்தால் உச்சி குளிர்ந்து போயிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏண்டா, மீசை முளைத்த ஆம்பிளை, படிக்கப் போகிறவன் நீயா, நானா? உன் அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "பிள்ளை பணிவாத்தானே எழுதியிருக்கு, அதுக்கு ஏன் தாம்தூம்னு குதிக்கிறே?" என்றார். பணிவுதான். அந்தப் பணிவைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

என்ன பயம் என்று சொல்கிறேன், கேள். இந்தக் கடிதத்தை அக்காவும் படிக்கலாம், மாப்பிள்ளையும் படிக்கலாம், ஒளித்தது போதும். பிறந்ததிலிருந்து நீ நான் சொன்னதைத்தான் செய்தாய். சாமியாராக வேண்டும் என்று நான் சொன்னேன், குருமடத்துக்குப் போனாய், அங்கி போட்டுப் பிரதர் ஆனாய். அங்கே இருந்தபடியே அந்த ஊர்க் கல்லூரியில் பி.ஏ. முதல் வருஷம் முடித்தாய். அதன் பிறகு நீயாக, உன் சொந்தப் புத்தியில், ஒரே ஒரு முடிவு எடுத்தாய். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாய். இவ்வளவு பெரிய காரியத்தில் அம்மாவைக் கைவிட்டுவிட்டோமே, மிச்சமிருக்கிற காரியத்திலெல்லாம் அவள் சொல்படி நடந்து ஈடுகட்டுவோம் என்று இப்போது நினைக்கிறாய். இல்லை என்று சொல்லாதே. உன்னைப் பெற்றவள் நான், உன் எழுத்து கொஞ்சம் சாய்ந்தாலே எனக்குத் தெரியும். இன்றைக்குக் கல்லூரி, நாளைக்கு வேலை, அப்புறம் கல்யாணம், எல்லாவற்றுக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். அப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

உனக்கு இரண்டு வயதில் டைபாய்டு வந்த கதை உனக்கு மனப்பாடம். பூசைக்குப் போகிற வழியில் சொல்வேன், வருகிற வழியில் சொல்வேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லி அவர்களை அழவைப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், மத்தியான வெக்கையில், வாடிய கீரைத்தண்டு மாதிரி நீ என் தோளில் கிடந்தாய். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நான் சுவரில் இருந்த தேவமாதா படத்தைப் பார்த்து, "தாயே, இவனைப் பிழைக்கவைத்துக் கொடு, இவனை உன் மகனுக்கே கொடுத்துவிடுகிறேன், சாமியாராக்கிவிடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். காய்ச்சல் இறங்கியது. இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இதற்கு அப்புறம் நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் டூட்டி முடிந்து, கை எண்ணெய்கூடக் கழுவாமல் ஓடி வந்த உன் அப்பாவிடம் நேர்ச்சையைச் சொன்னேன். அவர் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நேந்துக்கிட்டது சரி. இவன்கிட்ட கேட்டியா?" என்றார். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "ரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தைங்க கேக்கிறது?" என்று கத்தினேன். "இப்ப வேண்டாம். நல்லாப் பேச வந்தப்புறம் கேளு" என்றார். அந்த மனுஷர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான், பதில் சொல்ல முடியாதபடி பேசிவைப்பார்.

நீ பேச வந்தாய், படிக்க வந்தாய், லத்தீன் ஜெபமெல்லாம் கடகடவென்று ஒப்பித்தாய். நான் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது, நேர்ந்துவிட்ட பிள்ளைதானே என்று இருந்தேன். நேர்ந்த பிள்ளை என்றால் நம் ஜனங்கள் எப்படி வளர்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். உன்னை யாரும் அடிக்கக் கூடாது. நீயும் யாரோடும் சண்டை போடக் கூடாது, தெருவில் பம்பரம் விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கோழியில் கால் உனக்கு. "அவன் சாமியாராப் போனா நான் என்ன, கழுத்தையே கடிச்சுக்கிட்டு மோட்சத்துக்குப் போகணுமா?" என்று ஞானம் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் பெயர் சொல்லிக்கூட உன்னைக் கூப்பிடுவதில்லை, "சாமி, சாமி"தான். ஒரு நாள் நீ என் வெள்ளைப் புடவையைப் போர்த்திக்கொண்டு, பொரித்த அப்பளத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பூசை வைத்து விளையாடினாய். அக்கா முழங்காலில் நின்றாள். நான் கதவிடுக்கில் பார்த்துக் கண்ணீர் விட்டேன், தேவ அழைத்தல் இப்போதே வந்துவிட்டதே என்று. உன் அப்பாவையும் இழுத்து வந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "போன வாரம் ரயில் விட்டு விளையாடினான். அன்னைக்கு நீ என்னை வந்து கூப்பிடலையே" என்றார். அன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

சித்திரை வெயிலில் நீ டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாய். வெள்ளைச் சட்டை, நாலு முழ வேட்டி. கூடத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தேவ அழைத்தல் இல்லம்மா. இருக்கிற மாதிரி நடிக்க என்னால முடியலை" என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். திட்டியிருந்தாலாவது உனக்கு நன்றாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பங்குப் பெண்களெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "பிரதருக்கு லீவா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, லீவுதான்" என்றேன். என் பின்னாலேயே நீ நின்றுகொண்டிருந்தாய். திரும்பிப் பார்த்தால் உன் முகம் செத்துப்போயிருந்தது. மறு வாரமே, ஞானத்துக்கு மாசம் ஆகிறது, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி உன்னை லால்குடிக்கு ரயில் ஏற்றினேன். அவள் மாமியார் கல்லுக்குண்டு மாதிரி வீட்டில் இருக்கும்போது நீ என்ன ஒத்தாசை செய்யப்போகிறாய்? உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லீவு முடிந்தும் நீ ஊரில் இருப்பதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

போன வாரம் நானும் அப்பாவும் லீவு போட்டுவிட்டு இரண்டு கல்லூரிக்கும் போய் வந்தோம். முதலில் தெப்பக்குளத்துப் பக்கம், சாமியார்கள் நடத்தும் கல்லூரி. அங்கே சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர், வெள்ளைத் தாடிச் சாமியார், உன் மார்க்கைப் பார்த்துவிட்டு ஒரே சந்தோஷம். இரண்டாம் வருஷத்திலேயே சேர்த்துக்கொள்கிறேன், பாடமெல்லாம் ஒன்றுதான், ஒரு பரீட்சைகூட மறுபடி எழுத வேண்டாம் என்றார். அப்பா வெளியே போன சமயம் பார்த்து நான் மெதுவாக, "சாமி, உங்களையெல்லாம் தினம் பார்த்துக்கிட்டு இருந்தா அவனுக்குத் திரும்பவும் மனசு வருமில்லீங்களா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். அதற்குத்தான் போனேன் என்றே வைத்துக்கொள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சரித்திரம் படிக்க அனுப்புறீங்களா, நாளைக்கே வரட்டும். வேற எதையாவது மனசுல வச்சுக்கிட்டு அனுப்புறீங்கன்னா, அதுக்கு இங்கே இடம் இல்லம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காது இரண்டும் சுட்டுப்போயிற்று. வெளியே வந்தால், அங்கி போட்ட பிரதர்கள் நாலைந்து பேர் புத்தகத்தோடு வகுப்புக்குள் போகிறார்கள். நீ அங்கே சேர்ந்தால் அவர்கள் பக்கத்தில்தான் வேட்டி சட்டையோடு உட்கார வேண்டும். நான் உன்னிடம் இதை மறைக்கமாட்டேன்.

அப்புறம் கன்டோன்மென்ட் பக்கம் போனோம், ஊர்ப் பெரியவர்கள் நடத்தும் கல்லூரிக்கு. அடேயப்பா, என்ன கூட்டம்! துறையூர்ப் பையன்கள் தகர டிரங்குப் பெட்டியோடு நிற்கிறார்கள். ஸ்ரீரங்கத்துப் பையன்கள் நாமமும் சைக்கிளுமாகப் பாலம் தாண்டி வந்து, மணியடித்துக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். உன்னை அங்கே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் அங்கே சரித்திரம் இல்லை. பொருளாதாரம்தான் எடுக்க வேண்டும்; முதல் வருஷத்துப் பேப்பர் ஒன்றைச் செப்டம்பரில் எழுதித் தேற வேண்டும். ஹெட்கிளார்க், ஸ்ரீரங்கத்து ஐயங்கார், உன் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார். "குருமடமா? அப்போ லத்தீன் வாசிச்சிருப்பனே! ஏன் வந்துட்டான்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "பிடிக்கலைங்க, வந்துட்டான்" என்று போட்டு உடைத்துவிட்டார். 

அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்காத்துலயும் ஒருத்தன் வேத பாடசாலையிலேர்ந்து பாதியில வந்து நின்னான். குடுமியை எடுத்துட்டு, கிராப்போட வந்தான் படவா! இப்போ பொன்மலையில ஃபிட்டர்" என்றார். "எந்த ஷாப்புங்க?" என்று அப்பா கேட்க, அவர் சொல்ல, பையன் அப்பாவுக்குத் தெரிந்தவன்தான் என்று ஆக, இரண்டு பேரும் பாய்லரும் போகியுமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னால் இருக்க முடியவில்லை. "உங்களுக்குப் பயமா இல்லீங்களா? பெருமாளுக்குன்னு விட்ட பிள்ளையாச்சே" என்று கேட்டுவிட்டேன். "பெருமாளுக்குக் கோபம் வந்ததாத் தெரியலைம்மா. என் ஆத்துக்காரிக்குத்தான் வந்தது. அவனோட பேச்சே இல்லைன்னுட்டா. பெருமாளைச் சமாதானம் பண்ணிடலாம், சேவிச்சுட்டு வந்துடலாம். இவளை யார் சமாதானம் பண்றது?" என்றார். ஆபீசில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா ஜன்னல் பக்கம் எனக்கு இடம்விட்டு உட்கார்ந்துகொண்டார்.

அழுதது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சேசுவுக்கு வருத்தம், தேவமாதாவுக்கு வருத்தம் என்று நான் இத்தனை மாதமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வருத்தம் எனக்குத்தான். சாமியாரின் தாய் என்று முன்வரிசையில் உட்கார ஆசைப்பட்டேன். பூசையில் உன் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும், உன் முதல் பூசைக்கு என்ன புடவை உடுத்த வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அதில் தப்பென்ன, தாய்க்கு ஆசை இருக்கக் கூடாதா என்றும் தோன்றுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்றும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இன்று காலையில்கூட அங்கி போட்ட ஒரு பிரதர் சைக்கிளில் போனதைப் பார்த்து, அரிசி களைந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய் நேர்ச்சையைப் பற்றிக் கேட்டேன். நிறைவேறாமல் போனால் பாவம் உன்மேல் வருமோ என்று எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம் இருந்தது, பார். அவர் கேட்டுவிட்டு, "நேந்துக்கிட்டது யாரு?" என்றார். "நான்தான் சாமி." "அப்ப அது உங்க நேர்ச்சை. இன்னொருத்தர் வாழ்க்கையை நேர்ந்துவிட யாருக்கும் உரிமை கிடையாது, பெத்தவங்களுக்கும் கிடையாது. உங்களால முடிஞ்சதா ஒண்ணு சொல்லுங்க, மாத்திக் குடுத்துடறேன்" என்றார். எனக்கு என்ன முடியும்? சொல்லிக்கொடுக்கத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் பங்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிறேன் என்றேன். சரி என்று ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். இவ்வளவுதான், சவரி. உன் இரண்டு வயதிலிருந்து உன் தோளில் நான் ஏற்றிவைத்திருந்த பாரத்தை, ஒரு மனிதர் கால் மணி நேரத்தில் எடுத்து என் தோளில் வைத்துவிட்டார். இதை நான் முன்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். என் புத்திக்கு எட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பெண்கள், அதே இடம். "பிரதர் திரும்பிப் போயாச்சா டீச்சர்?" என்றார்கள். "போகலை. இனிமே போகவும் மாட்டான். அவனுக்குச் சாமியாராக விருப்பம் இல்லை, வந்துட்டான். திருச்சியிலேயே பி.ஏ. படிக்கப்போறான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில். ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். ஒருத்தி, "என் பெரியவனும் இப்படித்தான் டீச்சர், கன்னியர் மடத்துக்குப் போன மகளாவது நிலைக்கணும்" என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆகவே நீ ஒளிந்துகொண்டிருக்க இனிமேல் காரணம் இல்லை. யார் கேட்டாலும் தலையை நிமிர்த்திச் சொல்லலாம், உன் அம்மாவே சொல்லியாயிற்று.

இனி கல்லூரி. என் வாயைப் பிடுங்கினால் தெப்பக்குளம் என்றுதான் வரும். ஏன் வருகிறது என்று மேலே படித்துவிட்டாய். அந்தக் காரணத்துக்காக நீ அங்கே போகாதே. உன் மனசைக் கேட்டால் கன்டோன்மென்ட் என்று வரும் என நினைக்கிறேன், அங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது என்பதற்காக. அந்தக் காரணத்துக்காகவும் போகாதே. ஒளிய இடம் தேடிப் போகிறவன் மூன்று மாதம் கழித்து அங்கேயும் ஒரு தெரிந்த முகத்தைப் பார்த்துவிடுவான், திருச்சி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. உனக்குச் சரித்திரம் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்; நீ எழுதிய கடிதங்களிலெல்லாம் ராஜாக்களும் கப்பல்களுமாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் அங்கே கொடுத்ததைப் படித்தாயா, நீயாக விரும்பிப் படித்தாயா, எனக்கு எப்படித் தெரியும்? புதிதாகப் பொருளாதாரம் படிக்க ஆசையாக இருந்தால் படி, செப்டம்பர்ப் பரீட்சைக்கு நான் பக்கத்தில் விசிறிக்கொண்டு உட்காருகிறேன். பிரதர்கள் பக்கத்தில் வேட்டியோடு உட்காரத் தைரியம் இருந்தால் உட்கார். எது உனக்கு வேண்டும் என்று நான் உன்னிடம் இதுவரை கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். பதிலை என்னிடம் சொல்ல வேண்டும் என்றும் இல்லை, உனக்குத் தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வா. டவுன் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், அப்பாவை அனுப்பமாட்டேன். இரண்டு பேரும் கோயில் தெரு வழியாகவே, பட்டப்பகலில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து தென்னூருக்கு வருவோம். இரண்டு கல்லூரி விண்ணப்பத்திலும் அப்பா கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் நீ வேண்டியதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

நம் வாசலில் இறங்கி இடது பக்கம் திரும்பினால் தெப்பக்குளம், வலது பக்கம் போனால் கன்டோன்மென்ட் பஸ். நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று பார்க்க நான் வாசலுக்கு வரமாட்டேன். வந்தால் என் முகம் ஏதாவது சொல்லிவிடும், நீ அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பிவிடுவாய். நான் கொல்லையில் கிணற்றடியில் இருப்பேன். "போயிட்டு வரேம்மா" என்று அங்கிருந்தே ஒரு குரல் கொடு. "போயிட்டு வாப்பா" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. கஷ்டம்தான் எனக்கு, ஆனாலும் வராது.

உன் அம்மா